கயிற்றுக்கு ஒரு கை மீன்

சங்குமேட்டுக் கஞ்சி மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு. அது போதாதென்று, இருபது வருஷத்துக்கு முன்னால் குருவுக்குப் புள்ளியியல் தாளில் முப்பத்திரண்டு மார்க் போட்டு ஃபெயிலாக்கியவரே இந்தச் சிஷ்யைதான்.

குருவின் பெயர் மாசானம். பாளையங்கோட்டையில் பொருளாதாரம் படிக்கப் போனவர், பாதியில் விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றினார். கடைசியில் இந்தக் கடற்கரை ஊரில் ஓர் ஓலைக்கொட்டகை போட்டு, மத்தியானம் பசித்து வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. ஊர்தான் அவரைச் சாமி ஆக்கிவிட்டது.

சிஷ்யை பேராசிரியை செண்பகவல்லி. கணவர் போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வந்தார். பழைய மாணவன் குனிந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் தாமும் ஒரு கை நார் எடுத்துத் தேய்த்தார். அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதிலிருந்து வாராவாரம் வருகிறார், கரண்டி பிடித்துப் பரிமாறுகிறார்.

அவர் மாசானத்தைச் சாமி என்பார். மாசானம் அவரை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பது உண்டு. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை கிடையாது.

அந்த வாரம் அவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். கையில் ஒரு தடித்த கோப்பு.

"தூக்கம் போச்சு சாமி," என்றார் வந்ததும் வராததுமாக.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்குமேட்டுக்கு எதிரே இருக்கிற கடலை அரசாங்கம் பாகம் பிரித்தது. வயலுக்கு வரப்புப் போடுவது போலக் கடலுக்கும் வரப்பு. கப்பல் போகிற வழி இது, படகுகள் மீன் பிடிக்கிற இடம் இது, கரையை ஒட்டிக் கடல்புல் வளர விடவேண்டிய இடம் இது என்று வரைபடத்தில் நீலமும் மஞ்சளும் பச்சையும் பூசினார்கள். பச்சையில் வலை விழக் கூடாது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. புல் இருந்தால்தான் நண்டும் மீன்குஞ்சும் தங்கும்.

மூன்று வருஷம் பரீட்சை பார்ப்பது, லாபம் என்று தெரிந்தால் தெற்கே இன்னும் பதினோரு ஊர்க் கடலுக்கும் இதே மாதிரிக் கோடு போடுவது என்று பேச்சு. லாபமா நஷ்டமா என்று அளந்து சொல்லும் வேலை செண்பகவல்லியிடம் வந்தது. திங்கட்கிழமை அறிக்கை சென்னையில் இருக்க வேண்டும்.

"கணக்கு என்ன சொல்லுது மேடம்?" மாசானம் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"லாபம்னுதான் சொல்லுது. படகுக்காரங்க வருமானம் அஞ்சுல ஒரு பங்கு கூடியிருக்கு. நண்டு கூடியிருக்கு. கப்பல்ல மாட்டி வலை அறுபடுறது நின்னுபோச்சு. நாலு தரம் கூட்டிப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் தூக்கம் வரல?"

"எதையோ விட்டுட்டேன்னு தோணுது. விட்டது என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது சாமி? கண்ணுல பட்டிருந்தா எழுதியிருப்பேனே."

மாசானம் அடுத்த பூண்டை எடுத்தார்.

"உங்க மடத்தையும் சேர்த்திருக்கேன்," என்றார் செண்பகவல்லி, கொஞ்சம் கூச்சத்தோடு. கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் இருந்தது. "கடலுக்குக் கோடு போடுறதுக்கு முன்னாடி இங்க தினம் முப்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டாங்க. இப்ப நூத்தியிருபத்தாறு. படகுக்காரங்க கையில காசு புழங்குது, உங்களுக்கு அரிசி மூட்டை கூட வருது, அதனாலதானே இத்தனை பேருக்கு ஊத்த முடியுது? ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவுன்னு மதிப்புப் போட்டு வரவுல சேர்த்துட்டேன். கடல் செழிச்சா தருமமும் செழிக்கும்னு ஒரு வரியும் எழுதினேன்."

மாசானத்தின் கை நின்றது.

"வரவுலயா?"

"வரவுலதான். மீன்வளத்துறை இணை இயக்குநருக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கோடு போடப்போற பதினோரு ஊர்லயும் இப்படி ஒரு மடம் வரணும்னு சொல்றார்."

மாசானம் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூட்டை வருதது நெசந்தான். முப்பத்தெட்டு, நூத்தியிருபத்தாறு, அதுவும் ரெண்டும் சரியான எண்ணிக்கைதான்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் செண்பகவல்லி. அந்த உற்சாகத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிட்டார்.

"இப்ப இருக்கிற அண்டா பத்தல, ரெண்டு வாட்டி காய்ச்ச வேண்டியிருக்கு. என் செலவுல பெரிய அண்டா ஒண்ணு வாங்கித் தாரேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"பாத்திரக்கடையில விசாரிச்சுச் சொல்லுதேன்," என்றார் மாசானம்.

பிறகு எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஓர் ஈயச் சட்டி இருந்தது. விளிம்பு நெளிந்து, அடியில் ஓட்டை அடைத்த பழைய சட்டி.

"நாளைக்குக் காலைல கரைக்குப் போங்க மேடம். கயித்தைப் பிடிங்க. அதுக்குத் தாற மீனை இதுல வாங்கிட்டு வாங்க. குழம்பு வைக்கணும்."

மடம் என்றால் சைவம்தான் என்று நினைக்கிறவர்கள் சங்குமேட்டுக்கு வந்ததில்லை. செண்பகவல்லி அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"எந்தக் கயிறு சாமி?"

"போய்க் கேளுங்க," என்றார் மாசானம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சட்டியோடு ஏலக் கொட்டகைக்குப் போனார் செண்பகவல்லி. அந்த இடம் அவருக்கு அத்துப்படி. மூன்று வருஷமாக அவருடைய ஆள் ஒருவர் நோட்டும் பேனாவுமாக அங்கேதான் உட்கார்ந்து, எந்தப் படகில் என்ன மீன், எவ்வளவு எடை, என்ன விலை என்று ஒன்று விடாமல் எழுதினார். அறிக்கை முழுவதும் அந்தக் கொட்டகையின் நிழலில் பிறந்ததுதான்.

ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து நின்றன. கஸ்பார் தன் படகிலிருந்து குதித்தான். முன்பு ஒரு படகு வைத்திருந்தவன், இப்போது இரண்டு வைத்திருக்கிறான். மடத்துக்கு மாசம் இரண்டு மூட்டை அரிசி தருகிற ஆளும் அவன்தான்.

"வாங்க டீச்சரம்மா. என்ன, சட்டியோட வந்திருக்கிய?"

"கயித்தைப் பிடிக்க வந்தேன் கஸ்பார். சாமி அனுப்பினாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நங்கூரக் கயிறு வேணும்னா பிடிங்கம்மா," என்றான் ஒருவன். கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை. சட்டியை ஒரு தடவை பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தக் கயிறு இப்ப இல்ல டீச்சரம்மா. இங்க கொண்டாங்க," என்று சட்டியை வாங்கி, நல்ல ஊளி மீனாகப் பார்த்து நிறைத்துக் கொடுத்தான். காசு நீட்டியதற்கு, "மடத்துக்குத்தானே," என்று கையைத் தட்டிவிட்டான்.

நிறைந்த சட்டியோடு திரும்பும்போது செண்பகவல்லிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாசானம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கயிறு பிடிச்சியளா?"

"கயிறே இல்லையாம். கஸ்பார் சும்மாவே கொடுத்துட்டான்."

"இது கஸ்பார் மனசு. நல்ல மனசு. நான் கேட்டது கயித்து மீனு," என்றார் மாசானம். மீனைக் குழம்பு வைத்தார், எல்லாரும் சாப்பிட்டார்கள், குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சட்டியைக் கழுவித் திரும்பச் செண்பகவல்லி கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்கும் போங்க மேடம்."

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. அறிக்கை போக மூன்றே நாள் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயசில் சட்டியைக் கொடுத்து மீன் வாங்க விரட்டுகிறானே இந்தப் பயல் என்று பழைய டீச்சர் உள்ளே பிரம்போடு எழுந்தார். அவரை உட்காரவைக்க அன்றைய பொழுது முழுக்க ஆயிற்று.

சனிக்கிழமை அவர் ஏலக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வடக்கே நடந்தார். அந்தப் பக்கம் படகும் கிடையாது, ஆளும் கிடையாது. வெறும் மணல்வெளி. கரைக்குக் கொஞ்சம் உள்ளே, தண்ணீரில் ஆரஞ்சு நிற மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. வரைபடத்தில் பச்சை பூசிய இடம் அதுதான். மிதவைகளின் வரிசை ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. மூன்று வருஷமாக இந்தப் பச்சையைப் பற்றி எழுதுகிறவர், இதன் கரையில் நடப்பது இதுதான் முதல் தடவை.

மணலில் ஒரு மேடு. மேட்டின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து, பொறுக்கி வந்த சிப்பிகளைச் சாக்கில் தட்டிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் அடையாளம் தெரிந்தது. பிரகாசி. புருஷனைக் கடலில் கொடுத்தவள். மடத்தில் பெண்கள் வரிசையில் தினமும் மூன்றாவது ஆள். "கொஞ்சம் தண்ணியாவே ஊத்துங்கம்மா" என்று கேட்டு வாங்குவாள்.

"டீச்சரம்மாவா? இங்கன எங்க வந்திய?" என்றவள் சட்டியைப் பார்த்துவிட்டாள். "அது எஞ்சட்டில்லா."

"உங்க சட்டியா?"

"அடியில ஓட்டை அடைச்சிருக்கும் பாருங்க. எங்க வீட்டுக்காரரு அடைச்சுக் குடுத்தது."

செண்பகவல்லி சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடைத்துத்தான் இருந்தது.

"மடத்துக்கு எப்படி வந்துச்சு?"

"நாந்தான் குடுத்தேன். மீனு விழாத சட்டிய வீட்டுல வச்சு என்ன செய்ய? பாக்கப் பாக்க வயிறு எரியும்."

செண்பகவல்லி வந்த காரியத்தைச் சொன்னார். "சாமி கயித்தைப் பிடிக்கச் சொன்னாங்க பிரகாசி. ரெண்டு நாளா தேடுதேன். எந்தக் கயிறுன்னே தெரியல."

பிரகாசி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"நான் எது மேல உக்காந்திருக்கேன்னு நெனைச்சிய?"

குனிந்து, மேட்டின் ஓரத்து மணலை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். கீழே தேங்காய்நார்க் கயிறு. மணிக்கட்டுக் கனம். சுருள் சுருளாக வைத்து மணல் மூடிப்போன கயிறு. வெயிலும் உப்புத்தண்ணியும் தின்று, தொட்ட இடமெல்லாம் நார் உதிர்ந்தது.

"கரைவலைக் கயிறு. வலையை வள்ளத்துல கொண்டு போயி உள்ள சுத்தி வளைச்சுப் போட்டுட்டு, ரெண்டு கயித்தையும் கரைக்குக் கொண்டாந்திருவாவ. அப்புறம் நாங்க இழுப்போம். அந்தப் பக்கம் நாப்பது பேரு, இந்தப் பக்கம் நாப்பது. மீன்பாடு நல்லா இருந்தா கடைசியில எட்டுப் பேரு பத்துப் பேரு ஓடிவந்து தொத்திக்கிடுவாவ."

"கடைசியில வந்தவங்களுக்கும் மீன் உண்டா?"

"கயிறு ஆள் பாக்காதும்மா. தொட்டவங்களுக்கு ஒரு கை மீனு. அது இந்தக் கரையில சட்டம். பிலோமிக்கு ஒரு கண்ணு கிடையாது, அவ இழுத்தா. மரியதாசுக்கு ஒரு காலு, குச்சிய மணல்ல குத்திக்கிட்டு இழுத்தான். கடலுக்குப் போக முடியாத கிழடுக எல்லாம் இங்கதான். நிறைமாசக்காரி ஒத்த விரலு வச்சாலும் ரெண்டு கை மீனு, அவளுக்கு ஒண்ணு, உள்ள இருக்கதுக்கு ஒண்ணு." பிரகாசி தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். "நானும் வாங்கியிருக்கேன். இந்தச் சட்டியிலதான்."

பிலோமி, பெண்கள் வரிசையில் முதல் ஆள். மரியதாஸ், ஆண்கள் வரிசையில் தூணை ஒட்டி உட்காருகிறவர், எழுந்திருக்க முடியாது என்பதால் அவருக்கு மட்டும் செண்பகவல்லியே போய்ச் சாப்பிட்ட தட்டை வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு பெயர் விழும்போதும் ஒரு முகம் வந்தது. எல்லாமே அவர் கரண்டியால் ஊற்றிய முகங்கள்.

நூற்றிருபத்தாறில் முப்பத்தெட்டு போனால் எண்பத்தெட்டு. அதற்குப் புள்ளியியல் வேண்டாம், ஒண்ணாம் வகுப்புக் கழித்தல் போதும். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்ற எண்பது பேரும், கடைசியில் ஓடி வந்த எட்டுப் பேரும்.

அவர் பிரகாசியின் பக்கத்தில் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மீன் ஏலத்துக்கு வராதா பிரகாசி?" என்று கேட்டார். பதில் தெரிந்துதான் கேட்டார்.

"ஏலத்துக்கு எதுக்கு? கறிக்கு எடுத்தது போக மிச்சத்தைக் காயப் போடுவோம். தலைச்சுமையா வயக்காட்டு ஊருகளுக்குக் கொண்டு போனா நெல்லு தருவாவ, புளி தருவாவ. தராசு என்னத்துக்கு, கை இருக்குல்லா?"

கோடு போடுவதற்கு முந்தைய வருஷத்துக்கான பட்டியலில் ஒரு வரி செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது. வடகரைப் பகுதி, உற்பத்தி இல்லை. அவரே எழுதிய வரி. இல்லாத ஒன்றை மூடினால் நஷ்டமும் இல்லை, அதனால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். எவ்வளவு சுத்தமான பூஜ்யம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கோடு போடும்போது நீங்க யாரும் சொல்லலையா?"

"போனோமே. படகு இருக்கவங்க மட்டும் உள்ள வாங்கன்னுட்டாவ. எங்ககிட்ட படகு எங்க இருக்கு, கயிறுதானே இருந்துச்சு. புல்லு வளரட்டும்மா, யாரு வேண்டாம்னா? புல்லு கிடக்கது தெக்க. நாங்க இழுத்தது இங்கன, வெறும் மணலுல. வரைஞ்சவங்க கோட்டை நேரா இழுத்து எங்க மணலையும் உள்ள சேத்துட்டாவ. வலைக்குச் சொந்தக்காரரும் பாத்தாரு பாத்தாரு, வள்ளத்தை வித்துட்டு மக வீட்டோட போயிட்டாரு. கயித்தை யாரும் வாங்கல."

செண்பகவல்லி திரும்பி மிதவைகளின் நேர் வரிசையைப் பார்த்தார்.

"சாமி நல்ல மனுசன்," என்றாள் பிரகாசி. "கஞ்சியும் ருசியாத்தான் இருக்கு. நீங்களும் முகம் சுளிக்காம ஊத்துதிய. அதைக் குறை சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா இந்தச் சட்டிய நீட்டும்போது நான் நிமிந்து நின்னேன் டீச்சரம்மா. தட்ட நீட்டும்போது அப்படி வரமாட்டேங்கு." சாக்கைக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, நேரமாச்சு. முன்னால போனாத்தான் மூணாவதா உக்கார முடியும்."

மடத்துக்கு வந்ததும் செண்பகவல்லி காலிச் சட்டியை அடுப்போரம் வைத்தார். மாசானம் அதை எட்டிப் பார்த்தார். வரிசை உட்கார்ந்துவிட்டிருந்தது. செண்பகவல்லி கரண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அவர் முகங்களைப் பார்க்கவில்லை, தட்டு பிடித்த கைகளைப் பார்த்தார். பிலோமியின் உள்ளங்கையில் குறுக்கே ஒரு காய்ப்பு. அடுத்தவளுக்கும் அதே இடத்தில். மரியதாசுக்கு இரண்டு கையிலும். மூன்று வருஷம் கயிறு படாததால் தோல் வெளுத்து மெலிந்திருந்தது, ஆனாலும் தடம் போகவில்லை. பிரகாசியிடம் வந்தபோது அவள் கையையே பார்த்ததில் கஞ்சி தட்டுக்கு வெளியே சிந்தியது.

"மெதுவா ஊத்துங்கம்மா," என்றாள் பிரகாசி. "தண்ணியாவே போதும்."

எல்லாரும் போன பிறகு இரண்டு பேருமாக அண்டாவைக் கொட்டகைக்கு வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாசானம் உள்ளே இறங்கித் தேய்த்தார். செண்பகவல்லி தண்ணீர் ஊற்றினார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சாமி," என்றார் கடைசியில்.

"மூணு வருசமா அவங்களுக்குப் பரிமாறுதது நீங்கதானே மேடம்."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. ஆனாலும் சுட்டது. செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கேட்ட மீனைக் கொண்டுவர முடியல. சட்டி காலியாத்தான் வந்திருக்கு."

"அளந்துட்டு வந்திருக்கிய," என்றார் மாசானம். அண்டாவிலிருந்து வெளியே வந்து, அந்தச் சட்டியையும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

செண்பகவல்லி கோப்பைக் கொண்டுவந்து மடியில் விரித்தார். பிரியமான பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அத்தனை தடவை பிரித்த பக்கம்.

"இதைத் தொட்டா மொத்தமும் ஆடும் சாமி. கஸ்பாருக்கு வந்த லாபம் பொய்யில்ல. தெற்கே வளர்ந்த புல்லும் பொய்யில்ல. நான் இதை மாத்தி எழுதினா, ஒரேயடியா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. இல்ல, இதைப் படிக்காமலே அடுத்த ஊருக்குக் கோடு போடப் போயிடுவாங்களோ, அதுவும் பயமா இருக்கு." விரலை அந்த எண்ணின் மேல் வைத்தார். "முப்பது வருஷம் பாடம் நடத்தினவ கேக்கக் கூடாத கேள்விதான். இந்த நூத்தியிருபத்தாறை நான் எந்தப் பக்கம் எழுத? வரவா, செலவா?"

"அது உங்க பாடம் மேடம். நான் அதுல முப்பத்திரண்டு."

செண்பகவல்லிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மாசானமும் சிரித்தார். பிறகு கையிலிருந்த சாம்பலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"எனக்கு உங்ககிட்ட ஒரே ஒரு பதில்தான் வேணும். காலைல பாத்திரக்கடைக்காரரு போன் பண்ணினாரு. இவ்வளவு பெரிய அண்டா கடையில இருக்காதாம், சொல்லித்தான் செய்யணுமாம். மொத்தமா எடுத்தா விலையைக் குறைச்சுத் தாரேங்காரு. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"என்ன சொல்லணும் சாமி?"

"நம்ம ஊரு ஒண்ணு, அந்தப் பதினோரு ஊரு," என்றார் மாசானம். "அண்டாவே வேண்டாம்னு சொல்லட்டுமா மேடம், பன்னெண்டு வேணும்னு சொல்லட்டுமா?"